என் அக்கா குடிக்கவில்லை

என் அக்கா சகாயமேரிக்கு ஐம்பத்தாறு வயது. அதில் முப்பத்திரண்டு வருஷத்தை மரக்காணம் உப்பளத்தில் கூடை தூக்கியே கழித்தவள். பாத்தியில் வாரி ஒதுக்கிய உப்பை அள்ளிக் கூடையில் போட்டு, கூடையைத் தலையில் ஏற்றி, வரப்பு மேலேயே நடந்துபோய் மேட்டில் கொட்ட வேண்டும். சொல்வதற்கு ஒரு வரிதான். நானும் நாலு மாசம் செய்து பார்த்தேன். பிறகு பொம்மையார்பாளையத்தில் வாழ்க்கைப்பட்டு, ஆரோவில் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் படுக்கை விரிக்கிற வேலைக்குப் போய்விட்டேன். அக்கா அங்கேயே நின்றாள். மாமா செத்த பிறகும் நின்றாள். மகன் தமிழ்வேந்தன் படித்து, சென்னையில் வேலை கிடைத்து, தாம்பரத்தில் குடியேறிய பிறகும் நின்றாள்.

அவளைத் தங்கமானவள் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. அவளுக்கு வாய் நீளம். நான் ஆசையாக எடுத்துக்கொண்டுபோன புடவையை விரித்துப் பார்த்து, "என்னாடி, உங்க கெஸ்ட் ஹவுஸ் கர்ட்டன் துணியா?" என்று கேட்பாள். கேட்டுவிட்டு அதையே பூசைக்குக் கட்டிக்கொண்டு போவாள். யாருக்கும் தலை வணங்கமாட்டாள். ஒருத்தர் கையை எதிர்பார்த்து ஒரு நாளும் இருந்ததில்லை.

கையை எதிர்பார்த்து இருந்தது வாழ்க்கையில் பத்தே நாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் காய்ச்சல் வந்து படுத்தபோது தமிழ்வேந்தன் தாம்பரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். மருமகள் வினோதினி அவளுக்குப் பால்கனியில், வாஷிங் மெஷினுக்கும் செருப்பு ஸ்டாண்டுக்கும் நடுவில் பாய் போட்டாள். காற்றோட்டமாக இருக்கும் என்று காரணம் சொன்னாளாம். தட்டும் டம்ளரும் தனி. பிள்ளைகளைப் பக்கத்தில் விடவில்லை. காய்ச்சல் இறங்கியதும் அக்கா சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறி வந்துவிட்டாள். என்னிடம் மட்டும் சொன்னாள்: "செல்வி, உப்புப் பாத்தியில உழுந்து செத்தாலும் சாவேன். அந்தப் பால்கனிக்கு மட்டும் போவமாட்டேன்." அவளுக்கு வாழ்க்கையில் அதன்பிறகு வேறு பயம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

டிசம்பர் வந்தால் உப்பளம் முழுக்கத் தண்ணீர் நிற்கும். பொங்கல் கழிந்துதான் வேலை தொடங்கும். அதனால் கிறிஸ்துமஸ் சமயத்தில் அக்கா ராணி மாதிரி இருப்பாள். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பாள், அதிரசம் சுடுவாள், எல்லாரையும் வரச்சொல்லி ஆள்விட்டு ஆள்விட்டுச் சொல்லி அனுப்புவாள். எல்லாரும் என்றால் எல்லாரும்தான். தமிழ்வேந்தனும் அவன் குடும்பமும், நான், என் மகள் கலைமதி, என் வீட்டுக்காரர் முருகையன். இவர் கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கியவர், பிரியாணிக்காக அதைக் காப்பாற்றி வருகிறவர்.

போன கிறிஸ்துமஸுக்கும் அப்படித்தான் போனோம். தமிழ்வேந்தன் காரில் ஒரு பெரிய குடில் செட் வாங்கி வந்திருந்தான். மாட்டுத் தொழுவம், மூன்று ராஜாக்கள், ஆடு, ஒட்டகம், நடுவில் ஒரு சாண் நீளத்துக்குக் குழந்தை ஏசு. எப்போதும் ஜன்னலோரம் வைக்கிற குடிலை இந்தத் தடவை சமையல்கட்டு வாசலுக்குப் பக்கத்தில் வைத்தான். சீரியல் பல்புக்கு ஒயர் எட்டவில்லை, பிளக் பாயிண்ட் அங்கேதான் இருந்தது. அவன் கூட வேலை செய்கிற நண்பர்கள் நாலு பேரும் வந்திருந்தார்கள். கட்டிலைத் தூக்கி வெளியே போட்டார்கள், பீரோவை நகர்த்தினார்கள், வீடே தலைகீழாக மாறிவிட்டது. அக்கா அடுப்படியில் இருந்தாள். எதை எங்கே வைத்தார்கள் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

மத்தியானம் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து இலை போட்டாயிற்று. அக்கா சமையல்கட்டிலிருந்து குழம்புச் சட்டியோடு வந்தாள். சிரித்துக்கொண்டேதான் வந்தாள். நேராகக் குடிலுக்குள் காலை வைத்தாள். ஒட்டகம் ஒரு பக்கம் பறந்தது, ராஜாக்கள் மேல் குழம்பு கொட்டியது, அக்கா குப்புற விழுந்தாள். எழுந்தபோது அவள் காலுக்கடியில் குழந்தை ஏசு கழுத்து முறிந்து கிடந்தது.

 தமிழ்வேந்தனின் சின்னப் பிள்ளை கைதட்டிச் சிரித்தது.

"என்னாம்மா, இவ்ளோ பெருசா வச்சிருக்குது, கண்ணு தெரியலயா உனக்கு?" என்றான் தமிழ்வேந்தன்.

கோபத்தில் எல்லாரும் கேட்கிற கேள்விதான். அக்கா மட்டும் அதைக் கேட்டு வெலவெலத்துப் போனாள். அவன் முகத்தை ஒரு தடவை பார்த்தாள், முட்டியில் வழிந்த குழம்பைத் துடைத்தாள், ஈ என்று சிரித்தாள்.

"ஒரு மடக்கு போட்டுட்டேன்டா. பண்டிகையாச்சே."

மொட்டைமாடியில் நண்பர்கள் கொண்டுவந்த பாட்டில் இருந்தது எல்லாருக்கும் தெரியும். தமிழ்வேந்தனே காலையிலிருந்து இரண்டு முறை ஏறி இறங்கியிருந்தான். ஆனால் ஆம்பளை குடித்தால் அதற்குப் பேர் பண்டிகை. வினோதினி பிள்ளைகளை அள்ளிக்கொண்டு வெளியே போனாள். நண்பர்கள் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தமிழ்வேந்தன் நடுக்கூடத்தில் நின்று பெற்ற தாயை என்னென்னவோ பேசினான். "என் ஃபிரண்ட்ஸுங்க முன்னாடி மானத்த வாங்கிட்ட. ஏசப்பாவையே மிதிச்சிட்டு இளிக்கிற பாரு. உன்ன நம்பி நான் எப்டிப் புள்ளைங்கள இந்த வூட்டுக்குக் கூட்டியாருவேன்?" அவன் வாயிலிருந்து வந்த நெடியில் எனக்கே கண் எரிந்தது.  அக்கா தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள், துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். மூன்று மணிக்கெல்லாம் தாம்பரத்துக் கார் கிளம்பிவிட்டது. பிரியாணி பாதிக்கு மேல் மிச்சம்.

நான் அவளைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போய் வாயை முகர்ந்தேன். அதிரச வாசனைதான் வந்தது.

"என்னாக்கா இது? குடிக்காமயே குடிச்சேன்ற?"

சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னாள். ரெண்டு வருஷமாகப் பார்வை சுருங்கிக்கொண்டே வருகிறதாம். நேரே இருக்கிறது தெரியும், எதிரில் நிற்கிறவர் முகம் தெரியும். பக்கவாட்டிலும் காலுக்குக் கீழேயும் ஒன்றுமில்லை, இருட்டு. தனியாகப் போய்க் கண் முகாமில் காட்டியிருக்கிறாள். கண்ணில் பிரஷர், நரம்பு போய்விட்டது, போனது போனதுதான், ஆபரேஷன் செய்தாலும் திரும்பாது என்று டாக்டர் சொட்டு மருந்தைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

"அப்ப உப்பளத்துல எப்டிக்கா?"

"தலைல கூடை இருந்தா எவளும் கால பாத்து நடக்கமாட்டா, செல்வி. எல்லாரும் நேராத்தான் பாப்பாளுங்க. நானும் நேரா பாக்கறேன். வரப்பு எனக்குக் காலுக்கே தெரியும். முப்பது வருசமா நடந்தது." வீட்டிலும் அப்படித்தான் சமாளித்திருக்கிறாள். எது எங்கே இருக்கிறது என்று காலுக்குத் தெரியும். நாங்கள் வந்து அவளைக் கொண்டாடி, வீட்டை மாற்றிப்போட்டு, காலுக்குத் தெரியாத வீடாக்கிவிட்டோம்.

"அதுக்குன்னு குடிகாரின்னு பேர் வாங்கணுமா?"

"குடிகாரிக்கு மேஸ்திரி வேல குடுப்பாரு. குருடிக்குக் குடுப்பாரா?" என்றாள். "எம்புள்ள காதுல உழுந்துது, இன்னிக்கே திரும்பி வந்து என்னக் கார்ல தூக்கிப் போட்டுக்கினு போயிடுவான். வாயத் தொறக்கமாட்டேன்னு சொல்லு." கலைமதி தலைமேல் அடித்துச் சத்தியம் செய்தேன். மகள் தலைமேல் செய்த சத்தியம்.

குடிகாரி கதை கோயில் மணியைவிட வேகமாக ஊரைச் சுற்றியது. சுற்றவிட்டவள் ஆரோக்கியசெல்வி, அந்தத் தெரு லூர்து மாதா அன்பியத்தின் தலைவி. எங்கள் பக்கம் பத்து, பதினைந்து குடும்பத்துக்கு ஓர் அன்பியம் உண்டு. வாரம் ஒரு வீட்டில் ஜெபம் சொல்வார்கள், மிச்ச நேரத்தில் மற்ற வீடுகளைப் பற்றிப் பேசுவார்கள். ஆரோக்கியசெல்வி அக்கா வீட்டுக்கு வந்து, கழுத்து முறிந்த குழந்தை ஏசுவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதுவிட்டு, இருபத்தொன்பதாம் தேதி நன்றிக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். அக்கா உடனே சரி என்றாள். அவ்வளவு சுலபமாகச் சம்மதித்தது ஆரோக்கியசெல்விக்கே ஏமாற்றமாக இருந்திருக்கும்.

நன்றிக் கூட்டம் என்பது தெருமுனையில் மாதா சிலை வைத்துக் கட்டிய கெபிக்கு முன்னால் நடக்கும். பிளாஸ்டிக் சேர் போட்டு, கிறிஸ்துமஸைத் தந்ததற்காக, சொந்தபந்தத்தோடும் சினேகிதரோடும் சந்தோஷமாக இருக்க வைத்ததற்காக, வீட்டுக்கு ஒருவர் எழுந்து ஆண்டவருக்கு நன்றி சொல்வார்கள். பிறகு கேக்கும் டீயும். வேற்று மதத்து ஆட்களையும் கூப்பிடுவது பழக்கம். உப்பள மேஸ்திரி பஞ்சநாதன் வருஷம் தவறாமல் வருவார். அந்தத் தெருவில் பாதிப் பேர் அவரிடம்தான் வேலை. பொங்கலுக்குப் பிறகு யார் யார் வரலாம் என்பதையும் அங்கேயே டீ குடித்துக்கொண்டு சொல்லிவிடுவார். ஆகவே அந்தக் கூட்டத்தில் மற்றவர்கள் ஆண்டவரைப் பார்த்து உட்கார, அக்கா மாதிரியானவர்கள் பஞ்சநாதனைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள்.

நான் போகாமல் இருந்திருக்கலாம். அக்கா தனியாக நிற்பாளே என்று போனேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மை என்னவென்றால், பொம்மையார்பாளையத்தில் எனக்கு இருக்க முடியவில்லை. கதை அங்கேயும் வந்துவிட்டது. முருகையன் வேறு சோற்றில் கை வைக்கும்போதெல்லாம், "உங்க அக்கா என்ன பிராண்டு?" என்று கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அதற்கு முந்தின வாரம்தான் அனுமந்தையிலிருந்து கலைமதியைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

சாயங்காலம் நாலு மணிக்குக் கூட்டம். அக்கா எழுந்தாள். நான் கொடுத்த அந்தக் கர்ட்டன் புடவையைத்தான் கட்டியிருந்தாள். கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒப்பித்தாள்.

"பண்டிகை அன்னிக்குப் புத்தி கெட்டுக் குடிச்சிட்டு, குழந்த ஏசுவ மிதிச்சிட்டேன். ஆண்டவரு மன்னிக்கணும். நீங்களும் மன்னிக்கணும். எம்புள்ளைங்க வந்து போனதுக்கு நன்றி."

பின்வரிசையில் யாரோ விக்கல் எடுப்பதுபோல் செய்து காட்டினார்கள். பெண்கள் முந்தானையில் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பஞ்சநாதன் மட்டும் வாய்விட்டுச் சிரித்தார்.

"உடும்மா. குடிக்காதவன் எவன் இங்க இருக்கான்? நம்ம கிட்ட வேல செய்றவன்ல பாதி பேரு சாயங்காலமானா வரப்புலதான் படுத்துக் கெடக்கறான். சகாயம், பொங்கல் கழிச்சு வந்துடு. உன் கூடை உனக்குத்தான்."

அக்கா உட்கார்ந்தாள். அவள் முகத்தை நான் பார்த்தேன். ஜெயித்தவள் முகம். அத்தோடு எல்லாம் முடிந்திருந்தது. நான் என் பங்குக்கு எழுந்து, நன்றி ஆண்டவரே என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தால் இன்றைக்கு இதை எழுத வேண்டியிருக்காது.

என்னைக் கூப்பிடும்போது ஆரோக்கியசெல்வி இனிக்க இனிக்கச் சொன்னாள்: "மேரிசெல்வி அவங்க அக்காவுக்காகவும் வேண்டிக்கிடட்டும். அவங்க அப்பாவும் குடிச்சுத்தான் போனாரு. ரத்தத்துல இருக்குது, என்னா பண்றது. பாவம், அனுமந்தைக்காரங்க பொண்ணு பாத்துட்டுப் போயிருக்காங்களாம். இதெல்லாம் அவங்களுக்குத் தெரியுமோ என்னமோ."

கேக்குக்காக என்னோடு வந்திருந்த முருகையன் பக்கத்தில் களுக்கென்று சிரித்தார்.

நான் எழுந்தேன். "எங்க அக்கா குடிக்கல," என்றேன். "எங்க ரத்தத்துல ஒண்ணும் கெடயாது. அவளுக்குக் கண்ணு தெரியல. ரெண்டு வருசமா தெரியல. கீழ இருக்கறது ஒண்ணுமே தெரியாது. அதான் மிதிச்சிட்டா. வேல போயிடும்னு குடிச்சேன்னு சொல்றா. வாய ஊதச் சொல்லிப் பாருங்க, எந்த நாளும் நாத்தம் வராது." அக்காவுக்காகச் சொன்னேன் என்றால் அது பொய். என் வீட்டு மானத்துக்காகச் சொன்னேன். சொல்லும்போது எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா? தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். என் அக்கா என் வாயால் கெட்டாள்.

"பொய் சொல்றா," என்றாள் அக்கா. "எனக்கு நல்லாத் தெரியுது. மேஸ்திரி மீசைய ஒதுக்கியிருக்காரு பாரு, அதுகூடத் தெரியுது."

பஞ்சநாதன் சிரிப்பை நிறுத்திவிட்டார்.  அவருக்கு மட்டும் முதலிலேயே கொடுத்திருந்த டீ டம்ளரைச் சத்தமில்லாமல் குனிந்து தரையில், அவளுக்கும் தனக்கும் நடுவில் வைத்தார். "சகாயம், இப்டி எங்கிட்ட வா," என்றார்.

அத்தனை பேரும் அந்த டம்ளரைப் பார்த்தோம். யாரும் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை, திறக்க வேண்டிய இடத்தில். அக்கா எழுந்து, தலையில் கூடை இருக்கிற மாதிரி நிமிர்ந்து, அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நடந்தாள். டம்ளர் உருண்டு போய்க் கெபிப் படியில் மோதியது. டீ அவள் பாதத்தில் வழிந்தது. அப்போதும் அவள் கீழே பார்க்கவில்லை, பார்த்துத்தான் என்ன பயன்.

"வேணாம்மா," என்றார் பஞ்சநாதன். கெட்டவர் இல்லை. "வாய்க்கால் இருக்குது, மோட்டார் ஓடுது. உழுந்தீன்னா நான்தான் பதில் சொல்லணும். நீ வூட்ல இரு."

"குடிச்சிருக்கேன் மேஸ்திரி," என்றாள் அக்கா. "இப்பவும் குடிச்சிருக்கேன். அதான் தட்டிட்டேன்."

ஆரோக்கியசெல்வி ஓ என்று அழுதுகொண்டு ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "எங்கள மன்னிச்சிடு சகாயம். உன்னப் போயி குடிகாரின்னு நெனச்சிட்டோமே." அங்கேயே முழங்கால் போட்டு ஜெபத்தைத் தொடங்கினாள். களங்கமில்லாத ஒரு பெண்ணை எங்கள் அன்பியத்துக்குத் தந்த ஆண்டவருக்கு நன்றி. அவள் மேல் விழுந்த பழியைத் துடைத்ததற்கு நன்றி. உண்மையை வெளியே கொண்டுவந்த அவள் தங்கைக்காக நன்றி. எல்லாரும் ஒரே குரலில் நன்றி நன்றி என்றார்கள். அக்கா குருடியே தவிர குடிகாரி இல்லை என்பதில் அந்தத் தெருவுக்கு அவ்வளவு சந்தோஷம். விக்கல் எடுத்துக் காட்டியவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஒரு பெரிய துண்டுக் கேக்கை வெட்டி அவள் வாயில் ஊட்டினார்கள். அவள் மென்றாள்.

யாரோ தமிழ்வேந்தனுக்கு வீடியோ கால் போட்டுவிட்டார்கள். அவன் போனில் தேம்பித் தேம்பி அழுதான். "நீ குடிக்கலன்னு கேட்டதே போதும்மா. கடவுளுக்கு நன்றி. நாளைக்கே வர்றேன், ரெடியா இரு. இனிமே உன்னத் தனியா உடமாட்டேன்."

மறுநாள் வந்தான். சொன்னதைச் செய்கிற பிள்ளை என்று தெருவே மெச்சியது. வீட்டைப் பூட்டிச் சாவியை ஆரோக்கியசெல்வியிடம் கொடுத்தார்கள், அன்பியம் ஜெபத்துக்கு வைத்துக்கொள்ளட்டும் என்று. காரில் ஏற்ற நான் கையைப் பிடித்தேன். அக்கா என் கையை உதறவில்லை. என் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு, கோபமே இல்லாமல் சொன்னாள்: "குடிகாரியாவே இருந்துட்டுப் போயிருப்பேனேடி."

கலைமதிக்கு அனுமந்தையில் நிச்சயம் ஆகிவிட்டது. பத்திரிகை கொடுக்க, பொங்கல் கழிந்து மூன்றாம் வாரம் நானும் முருகையனும் தாம்பரம் போனோம். வினோதினி தாங்கு தாங்கென்று தாங்கினாள், காபி போட்டாள், அத்தைக்கு இங்கே ஒரு குறையும் இல்லை என்றாள். அக்கா பால்கனியில் இருந்தாள். இந்தத் தடவை பாய் இல்லை, ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்கள். நடந்தால் எதையாவது தட்டிவிடுகிறாள் என்பதால் பாத்ரூமுக்கு மட்டும் எழுந்துகொள்ள வேண்டும், அதுவும் கூப்பிட்டுவிட்டு. சின்னது அவள் காலுக்கு முன்னால் ஒவ்வொரு பொம்மையாகக் கொண்டுவந்து வைத்துவிட்டு, எழுந்திரு ஆயா, எழுந்திரு என்று கெஞ்சிக்கொண்டிருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

அக்கா என்று கூப்பிட்டேன். கல்யாணத் தேதியைச் சொன்னேன். மாப்பிள்ளை வேலையைச் சொன்னேன். உப்பளத்தில் வேலை தொடங்கிவிட்டதைக்கூட, அறிவுகெட்டத்தனமாக, சொல்லிவிட்டேன்.  அவள் எதிர் அபார்ட்மெண்ட் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வினோதினிக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டிருக்கும். கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்ன அத்த, பேசாம இருக்கீங்க? அன்னிக்கி சின்னத்த மட்டும் சொல்லலன்னா உங்க கதி என்ன ஆயிருக்கும்? எங்கயாவது உழுந்து கெடந்திருப்பீங்க. அவங்களுக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லுங்க."

சின்னது இன்னொரு பொம்மையைக் கொண்டுவந்து வைத்தது.

"சொல்லுங்க அத்த. வந்தவங்க கெளம்பறாங்க."

அக்கா சுவரிலிருந்து முகத்தைத் திருப்பி, என்னைத் தேடிக் கண்டுபிடித்து, "தேங்க்ஸ்," என்றாள்.